அப்பா கேம்ப்பில் இருக்கிறார்: வாசகர் கேள்வி – பதில்

கேம்ப், லீக், டூர் என்று மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் விளையாட்டு வீரர்களின் குடும்பங்கள் தங்கள் சந்தேகங்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, வீட்டில் காத்திருப்பவர்கள் எழுதியவை. பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். விளையாட்டு மருத்துவம், அணி நிர்வாகம், குடும்ப நல ஆலோசனை ஆகிய துறைகளில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

என் கணவர் புரோ கபடி லீக்கில் ஆடுகிறார். பயிற்சி முகாமையும் சேர்த்தால் நான்கு மாதம் வீட்டில் இருக்க மாட்டார். மூன்று வயது மகள் வீடியோ காலில் அப்பாவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவர் மனம் உடைந்து போகிறார். – திண்டுக்கல் மாவட்ட வாசகி

முதலில் எத்தனை மணிக்குப் பேசுகிறீர்கள் என்று பாருங்கள், சகோதரி. லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் நடக்கின்றன. ஆட்டம் முடிந்து ஐஸ், மசாஜ், சாப்பாடு, அணிக் கூட்டம் எல்லாம் ஆகிப் படுக்க நள்ளிரவு தாண்டும். மாலை 7 மணிக்குக் கூப்பிட்டால் அவர் பதற்றத்தில் இருப்பார், குழந்தை தூக்கக் கலக்கத்தில் இருப்பாள். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள், குழந்தை சாப்பிட்டு முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "அப்பாவுக்கு முத்தம் கொடு, பாட்டுப் பாடு" என்று கேட்காதீர்கள். போனைத் தரையில் ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் பாட்டுக்கு விளையாடட்டும். அப்பா பார்த்துக்கொண்டே நடுவில் ஒரு வார்த்தை பேசினால் போதும். ஐந்து நிமிடம் நிறைய. அவள் எழுந்து ஓடினால் அதோடு அன்றைய பேச்சு முடிந்தது, திரும்ப இழுத்து வர வேண்டாம். அவர் குரலில் நாலைந்து சின்னக் கதைகளைப் பதிவு செய்து வாங்கி, ராத்திரி தூங்கும் முன் போட்டுக் காட்டுங்கள். 

"அப்பா எப்போ வருவாங்க?" என்ற கேள்விக்கு உங்கள் வீட்டுத் தினசரி காலண்டரே பதில் சொல்லும். வரும் தேதித் தாளில் சிவப்பு மையால் ஒரு வீடு வரைந்துவிட்டு, தினமும் காலையில் அவள் கையாலேயே ஒரு தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். இதில் பலர் முந்தைய தேதியைக் குறித்துவிடும் தவறைச் செய்கிறார்கள். 2024 சீசன் அக்டோபர் 18 அன்று ஐதராபாத்தில் தொடங்கி, நொய்டா, புனே என்று நகர்ந்து, டிசம்பர் 29 அன்று இறுதி ஆட்டத்தோடு முடிந்தது. லீக் சுற்றோடு அணி வெளியேறினால் வீரர் முன்னதாகவே வந்துவிடுவார். லீக் சுற்றுக்குப் பின் வரும் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்குப் போனால் தள்ளிப்போகும். இரண்டில் பிந்தைய தேதியில்தான் வீடு வரைய வேண்டும். சொன்னதற்கு முன்னால் அப்பா வந்தால் கொண்டாட்டம். ஒரு நாள் தள்ளிப்போனாலும் அடுத்த முறை அவள் காலண்டரை நம்ப மாட்டாள்.

திரும்பி வந்ததும் அவளை வாரி எடுக்கத் தோன்றும். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தால் அவளே வருவாள். பொம்மை மூட்டையோடு வரும் அப்பா விருந்தாளி ஆகிவிடுகிறார். தினமும் குளிப்பாட்டுவது, அல்லது காலை இட்லி ஊட்டுவது, ஏதாவது ஒரு வேலையை முழுசாக அவரிடம் கொடுங்கள்.

என் மகன் தடகள வீரன், ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் இருக்கிறான். காலை ஆறு மணிக்கு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். அவன் முந்தைய நாள் இரவே அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். இப்போது "தவறிய சோதனை" என்று கடிதம் வந்திருக்கிறது. வேலையே போய்விடுமா? – தஞ்சாவூர் வாசகி

இந்த ஒன்றால் தடை வராது, அம்மா. ஆனால் இன்னும் இரண்டு சேரக் கூடாது. 12 மாதத்துக்குள் மூன்று தவறுகள் சேர்ந்தால் அது ஊக்கமருந்து விதிமீறல் ஆகிவிடும். வழக்கமான தண்டனை இரண்டு ஆண்டுத் தடை, சூழ்நிலையைப் பொறுத்து ஓர் ஆண்டு வரை குறையலாம். சோதனைக்குக் கிடைக்காமல் போவது மட்டுமல்ல, தங்குமிட விவரத்தைத் தாக்கல் செய்யாததும் தவறாக நிரப்பியதும்கூட இந்த மூன்றில் சேரும்.

நடைமுறை இதுதான். பட்டியலில் இருக்கும் வீரர் ஒவ்வொரு காலாண்டும் தொடங்குவதற்கு முன்பே, அந்த மூன்று மாதத்தின் ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அதோடு தினமும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் ஒரு 60 நிமிடத்தைக் குறித்து, அந்த நேரத்தில் எந்த முகவரியில் இருப்பார் என்றும் சொல்ல வேண்டும். திட்டம் மாறினால் கிளம்பும் முன் இந்த விவரங்களைப் பதியும் செயலியில் மாற்ற வேண்டும். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதுவானாலும் பஸ் ஏறும் முன் போனை எடுத்து முகவரியை மாற்றுவது பழக்கமாகிவிட வேண்டும். நம் குடும்பங்களில் நிறைய தவறுகள் இப்படி ஒரு ராத்திரிப் பயணத்தில்தான் நடக்கின்றன.

கடிதத்தில் பதிலுக்குக் கெடு கொடுத்திருப்பார்கள், வழக்கமாக 14 நாள். அதற்குள் உண்மையை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மௌனமாக இருந்தால் தவறு அப்படியே பதிவாகிவிடும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் காலிங் பெல் வேலை செய்ய வேண்டும், கேட் பூட்டியிருக்கக் கூடாது, நாயைக் கட்டியிருக்க வேண்டும். பதிவு செய்த முகவரியில் கதவு எண்ணோடு அடையாளமும் இருக்கட்டும்: "பிள்ளையார் கோவில் எதிர்ச் சந்து, நீலக் கதவு, மாடி" என்கிற அளவுக்கு. வந்தவர் போன் செய்வார் என்று நம்பி இருக்காதீர்கள், அது அவர் கடமை இல்லை. அவன் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். "குளிக்கிறான், இதோ வருகிறான்" என்று இழுப்பது அவனுக்குத்தான் கெடுதல். விவரங்களை நிரப்பும் வேலையை அக்காவோ கோச்சோ செய்யலாம், ஆனால் தவறினால் பொறுப்பு வீரர் தலையில்தான் விழும்.

பிப்ரவரியில் எனக்குப் பிரசவம். கணவருக்கு அப்போது போட்டி இருக்கும். லீவு கேட்டால் அணியில் இடம் போய்விடும் என்று பயப்படுகிறார். – மதுரை வாசகி

பயம் நியாயமானதுதான். 2020–21 ஆஸ்திரேலியக் கிரிக்கெட் தொடரையே பாருங்கள். அடிலெய்ட் டெஸ்ட் முடிந்ததும் கேப்டன் விராட் கோலி குழந்தைப் பிறப்புக்காக இந்தியா திரும்பினார். அதே தொடரில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு, அவர் அமீரகத்தில் ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்தபோதே மகள் பிறந்திருந்தாள். வலைப்பயிற்சியில் பந்து வீசுபவராக அங்கிருந்தே ஆஸ்திரேலியா போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகி, ஜனவரி கடைசியில்தான் ஊர் திரும்பி மகளைப் பார்த்தார். நிலைபெற்ற வீரர் கேட்பதும் வாய்ப்புக்குக் காத்திருப்பவர் கேட்பதும் ஒன்றல்ல. அதனால் விதியாக எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு.

கணவர் மத்திய அரசு அல்லது ரயில்வே ஊழியர் என்றால் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, பிறந்த ஆறு மாதத்துக்குள் எடுக்கலாம். தனியார் அணி ஒப்பந்தமென்றால், கையெழுத்துப் போடும் முன்பே "குழந்தைப் பிறப்புக்கு இத்தனை நாள், சம்பளப் பிடித்தம் இல்லை" என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்தாம் மாதத்திலேயே அணி மேலாளரிடம் சொல்லிவிடலாம். டாக்டர் சொன்ன தேதியை மட்டும் சொல்லாதீர்கள். 37-வது வாரத்திலிருந்து எந்த நாளும் நடக்கலாம் என்று அந்த இடைவெளியைக் கொடுங்கள். அப்போதுதான் மாற்று ஆளைத் தயார் செய்ய அவர்களுக்கும் வழி இருக்கும். அவர் வர முடியாமலே போகலாம் என்று வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு உங்களோடு யார் வருவது, கையெழுத்து யார் போடுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

நான் வாலிபால் வீராங்கனை, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை. சுகப்பிரசவம் ஆகி ஏழு வாரம். தாய்ப்பால் கொடுக்கிறேன். மூன்று மாதத்தில் கேம்ப் என்கிறார்கள். எப்போது ஓடலாம்? குழந்தையை என்ன செய்வது? – திருச்சி வாசகி

உடம்பிலிருந்து ஆரம்பிப்போம். 12 வாரத்துக்கு முன் ஓட்டம் வேண்டாம். இப்போது செய்ய வேண்டியது இடுப்புத் தளத் தசைப் பயிற்சி (சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கித் தளர்த்துவது), நடை, எடை இல்லாத குந்துப் பயிற்சி. 12 வாரத்துக்குப் பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றித் தொடங்குங்கள். வாலிபாலில் நாள் முழுக்கக் குதிக்கிறீர்கள், அதனால் குதித்துத் தடுக்கும் பிளாக்கும் குதித்து அடிக்கும் ஸ்பைக்கும் ஓட்டம் பழகிய பிறகுதான். குதிக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிற்றில் ஏதோ கீழே இறங்குவதுபோல் கனத்தாலோ, இடுப்பு முன்னெலும்பு வலித்தாலோ அதை "பிரசவம் ஆனால் அப்படித்தான்" என்று விடாதீர்கள். தசை இன்னும் தயாராகவில்லை என்பதன் அடையாளம் அது. நிறுத்திவிட்டு, பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும்.

மூன்று மாதத்தில் முழு ஆட்டம் என்பது உங்கள் மேல் மற்றவர்கள் வைக்கும் கணக்கு. சானியா மிர்சாவுக்கு 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் இரட்டையர் பட்டத்தோடு திரும்பினார். பதினைந்து மாத இடைவெளி அது. டென்னிஸ் பெண்கள் சங்கம் குழந்தை பெற்ற வீராங்கனையின் பழைய தரவரிசையை மூன்று ஆண்டுவரை பயன்படுத்த விடுகிறது. கால்பந்தில் 2021 முதல் ஃபிஃபா விதிப்படி குறைந்தது 14 வார விடுப்பு, அதில் 8 வாரம் பிரசவத்துக்குப் பின், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உண்டு. உங்களுக்கு ரயில்வேயில் 180 நாள் மகப்பேறு விடுப்பு முழுச் சம்பளத்தோடு இருக்கிறது. அதன் பிறகு குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள்: முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். ஓர் ஆண்டில் மூன்று தவணைக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், கேம்ப் தேதிகளைப் பார்த்துப் பிரித்து எடுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று சில்லறையாக எடுத்துத் தவணையை வீணாக்கிவிட்டு, குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் தவிப்பவர்கள் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியில் இருக்கும் வீராங்கனைகளுக்கு மகப்பேறு விடுப்பே 12 மாதம்.

இனி பால். "ஓடி வந்த சூட்டோடு பால் கொடுக்கக் கூடாது, குழந்தைக்கு ஆகாது" என்று வீட்டில் சொல்வார்கள். மிதமான பயிற்சியால் பால் கெடுவதில்லை. வியர்வையைக் கழுவிவிட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான். பயிற்சிக்குச் சற்று முன்னால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பும் இலேசாக இருக்கும். பாலூட்டும் காலத்தில் தினமும் 450 முதல் 500 கலோரி கூடுதலாகத் தேவை. அதைச் சாப்பிடாமல் எடையைக் குறைக்கப் போனால் பாலும் குறையும், எலும்பும் தாங்காது.

குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் கேம்ப் போனால், சுமார் மூன்று மணிக்கு ஒரு முறை பால் எடுக்க வேண்டும். நாள் முழுக்கப் பயணம் என்று விட்டுவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும். அதன் மேல் காய்ச்சலும் சிவப்பும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். எடுத்த பால் 25 டிகிரிக்குள் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும். மே மாதத் திருச்சியில் அந்தக் கணக்கு செல்லாது, நேராக ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். ஃபிரிட்ஜில் நான்கு நாள், உறைநிலைப் பெட்டியில் ஆறு மாதம். ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியில் 24 மணி நேரம். கதவுத் தட்டில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடேறும். ஒவ்வொரு பையிலும் தேதி எழுதுங்கள், 60 முதல் 100 மில்லிக்கு மேல் ஒரு பையில் வேண்டாம். ஒரு முறை உருகிய பாலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

குழந்தையைக் கூடவே கொண்டுபோவதும் நடக்காத காரியம் இல்லை. பாகிஸ்தான் கேப்டன் பிஸ்மா மரூஃப் 2022 உலகக் கோப்பைக்கு நியூசிலாந்து போனபோது, ஆறு மாத மகளையும் பார்த்துக்கொள்ளத் தன் தாயாரையும் அழைத்துப்போனார். அவர்கள் வாரியம் முந்தைய ஆண்டே அதற்கென்று விதி வகுத்திருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வீரர்கள் கிராமத்துக்குள்ளேயே குழந்தைகள் அறை இருந்தது. நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: தனி அறை, அதில் ஃபிரிட்ஜ், பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு உள்ளே வர அனுமதி. மூன்றாவதை எழுத்தில் வாங்காமல் போனால் பாட்டி கேட் வாசலில் நிற்பார். வெளிநாட்டுப் போட்டி என்றால் குழந்தையின் விசாவை உங்களுடையதோடு சேர்த்தே விண்ணப்பியுங்கள். 2021-ல் இங்கிலாந்துப் போட்டிகளுக்காகச் சானியாவின் மகனுக்கு விசா கிடைக்க விளையாட்டு அமைச்சகமே பேச வேண்டி வந்தது.

மகன் வெளிநாட்டு டூரில் இருக்கிறான். என் தாயார் படுத்த படுக்கை. ஏதாவது ஆகிவிட்டால், ஆட்டம் முடியும்வரை அவனுக்குச் சொல்லாமல் இருப்பதுதான் நல்லது என்கிறார்கள் உறவினர்கள். – கோவை வாசகர்

இதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் உறவினர் அல்ல, மகன். இன்றைக்கே அவனிடம் கேட்டுவிடுங்கள். "பாட்டிக்கு ஏதாவது ஆனால் உடனே சொல்லட்டுமா, ஆட்டம் முடிந்து சொல்லட்டுமா? வருவாயா?" கேட்பது கசப்பாக இருக்கும், அபசகுனம் என்றுகூடத் தோன்றும். கேட்காமல் மறைத்துவிட்டு, அவன் சக வீரரின் போனிலிருந்தோ முகநூலிலிருந்தோ தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு "எல்லாரும் நல்லா இருக்கோம்"மையும் சந்தேகப்படுவான்.

1999 உலகக் கோப்பையின்போது தந்தை இறந்த செய்தி வந்ததும் சச்சின் மும்பை வந்தார், ஜிம்பாப்வே ஆட்டத்தை விட்டார், திரும்பிப் போய் கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 அடித்தார். 2020 நவம்பரில் முகமது சிராஜின் தந்தை இறந்தபோது அணி ஆஸ்திரேலியாவில் தனிமைப்படுத்தலில் இருந்தது. ஊருக்குப் போகலாம் என்று வாரியம் சொல்லியும் அவர் அங்கேயே இருந்தார், தொடரில் 13 விக்கெட் எடுத்தார், ஜனவரியில் விமான நிலையத்திலிருந்து நேராகத் தந்தையின் அடக்கத் தலத்துக்குப் போனார். 2024 பிப்ரவரியில் ராஜ்கோட் டெஸ்டின் இரண்டாம் நாள், 500-வது விக்கெட்டை எடுத்த அன்று இரவே அஸ்வின் உடல்நலமில்லாத தாயாருக்காகச் சென்னை வந்தார், நான்காம் நாள் திரும்பிப் பந்து வீசினார். இடையில் மாற்று வீரர் ஃபீல்டிங் மட்டும் செய்யலாம், பந்து வீசவோ பேட் செய்யவோ முடியாது. அணி ஒரு பந்துவீச்சாளர் குறைவாக ஆடியது. மூன்று பேரும் மூன்று விதமாக முடிவெடுத்தார்கள். மூன்று பேரிடமும் தொடர் முடியும்வரை யாரும் செய்தியை மறைத்து வைக்கவில்லை.

ஏற்பாடுகள்: செய்தி சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள். அவர் முதலில் அணி மேலாளருக்குச் சொல்ல வேண்டும், மேலாளர் அறைக்குப் போய் நேரில் சொல்வார். மேலாளர், அணி டாக்டர் எண்கள் வீட்டில் எழுதி ஒட்டியிருக்கட்டும். நம் வழக்கப்படி மறுநாளே எடுத்துவிடுவோம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்றால் டிக்கெட் கிடைத்து வீடு வந்து சேர ஒன்றரை நாள் ஆகலாம். ஃப்ரீசர் பெட்டி வைத்துக் காத்திருப்பதா, அவன் காரியத்துக்கு வந்தால் போதுமா என்பதையும் இப்போதே பெரியவர்கள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பேசினால் வாசலில் சத்தம்தான் வரும்.

வெளிநாட்டு டூரில் குடும்பம் இரண்டு வாரம்தான் இருக்கலாம் என்ற கிரிக்கெட் வாரிய விதி சரியா? – சென்னை வாசகர்

2025 ஜனவரியில் வந்த அந்த விதி, 45 நாளுக்கு மேல் நீளும் டூரில் மனைவியும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் ஒரு முறை, அதிகபட்சம் இரண்டு வாரம் வந்து தங்கலாம் என்கிறது. கடினமான ஒரு நாள் முடிந்து குடும்பத்திடம் திரும்புவது எவ்வளவு முக்கியம் என்பது மற்றவர்களுக்குப் புரிவதில்லை என்று கோலி வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். எங்கள் பார்வையில் வரம்பு இருப்பதில் தவறில்லை, எல்லாருக்கும் ஒரே இரண்டு வாரம் என்பதில்தான் தவறு. கைக்குழந்தை உள்ளவருக்கும் கல்லூரி போகும் பிள்ளை உள்ளவருக்கும் தேவை ஒன்றாக இருக்காது. இருப்பது இரண்டு வாரம்தான் என்றால், தொடரின் நடுவில் இரண்டு ஆட்டங்களுக்கிடையே நீண்ட இடைவெளி வரும் வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். தொடக்க வாரத்தில் போனால் அவர் பயிற்சியில் இருப்பார், நீங்கள் ஹோட்டல் அறையில் இருப்பீர்கள்.

கணவர் வெளிநாட்டு லீக்கில் ஆறு மாத ஒப்பந்தத்தில் போகிறார். போன முறை பேங்க் வேலை ஒன்றும் நடக்கவில்லை, ஓடிபி எல்லாம் அவர் எண்ணுக்கே போனது. – வேலூர் வாசகி

கிளம்பும் முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். அவர் சிம்மில் ரோமிங்கை இங்கேயே இயக்கி வையுங்கள், அங்கே போன பிறகு செய்ய முடியாமல் திணறுவார்கள். குடும்பச் செலவுக்கு இருவரில் யாரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கு ஒன்று திறந்து, அதற்கு உங்கள் எண்ணைப் பதியுங்கள். கடன் தவணை, இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம் அதிலிருந்து தானாகப் போகட்டும். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால், பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் அனெக்ஸர் டி படிவத்தில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

நிலம், வீடு சம்பந்தப்பட்ட வேலை என்றால் பவர் பத்திரம் வேண்டும். இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போவது சுலபம். மறந்துபோய் அங்கிருந்து கொடுத்தால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அலமாரியில் வைத்துவிட்டு நாலாவது மாதம் எடுத்துப் போனால் சிக்கல்தான். எல்லா அதிகாரமும் கொடுக்கும் பொதுப் பவர் வேண்டாம், எந்த வேலைக்கோ அதற்கு மட்டும் எழுதுங்கள்.

மகளுக்கு 12 வயது, செஸ் ஆடுகிறாள். ஆண்டில் பாதி நாள் நானும் அவளும் வெளியூர். எட்டு வயது மகன் "உனக்கு அக்காதான் பிடிக்கும்" என்கிறான். – சென்னை வாசகி

குகேஷுக்காகக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரான அவர் தந்தை தொழிலை நிறுத்திவிட்டுக் கூடவே போனதும், நுண்ணுயிரியல் வல்லுநரான தாயார் சம்பாதித்து வீட்டைத் தாங்கியதும் எல்லாருக்கும் தெரியும். பிரக்ஞானந்தாவுக்குத் தாயார் நாகலட்சுமி துணை. அந்த வீடுகளில் யார் போவது, யார் இருப்பது என்பது தெளிவாக இருந்தது. உங்கள் வீட்டில் அதைத் தெளிவாக்குங்கள்.

பயணங்களை ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். ஒன்பது சுற்றுப் போட்டிக்கு ஒன்பது, பத்து நாள் ஆகும். ஐரோப்பாவுக்கு மூன்று முறை பறப்பதற்குப் பதில் அடுத்தடுத்து மூன்று போட்டிகளை ஒரே மாதத்தில் வைத்தால், அடுத்த இரண்டு மாதம் நீங்கள் வீட்டில் இருக்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்க முடியும் என்பதை எண்ணிக்கொண்டே இருங்கள். செர்பியா அந்தப் பகுதிக்குள் இல்லை. நடுவில் அங்கே ஒரு போட்டிக்குப் போய்விட்டு ஒற்றை நுழைவு விசாவோடு திரும்பினால் உள்ளே விட மாட்டார்கள், பலமுறை நுழைவு கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒரு பயணத்துக்கு அப்பா போகட்டும், அல்லது நம்பிக்கையான கோச்சோடு அனுப்புங்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி செய்த சம்மதக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

மகனுக்கு நீங்கள் வாங்கி வரும் பரிசு பதில் ஆகாது. ஊரில் இருக்கும் வாரங்களில் ஒரு நாள் மாலை அவனுடையது என்று வையுங்கள். அன்று செஸ் பேச்சு, ரேட்டிங் பேச்சு எதுவும் கிடையாது. அவன் பள்ளி ஆண்டுவிழாத் தேதியை அக்காவின் போட்டி அட்டவணையிலேயே சிவப்பில் எழுதுங்கள், அவன் பார்க்கும்படி.

ஐந்து மாத தேசியக் கேம்ப் முடிந்து கணவர் வந்தார். ஏங்கிக் காத்திருந்தேன். ஒரே வாரத்தில் எதற்கெடுத்தாலும் சண்டை. – தூத்துக்குடி வாசகி

நிறைய வீடுகளில் பிரிவைவிடத் திரும்பி வருவதுதான் கடினம். கேம்ப்பில் எழுந்திருப்பது, சாப்பாடு, மதியத் தூக்கம் எல்லாவற்றையும் விசில் நடத்தியது. இங்கே வந்தால் மூன்றாம் நாளே கிரகப்பிரவேசம், குலதெய்வம் கோவில், சித்தப்பா வீட்டு விருந்து. இந்தப் பக்கம் நீங்கள் ஐந்து மாதம் தனியாக எடுத்த முடிவுகளை, வந்த இரண்டாவது நாளே அவர் "ஏன் இப்படி?" என்கிறார்.

முதல் இரண்டு நாள் வீட்டுக்கு யாரும் வர வேண்டாம் என்று மாமியாரிடமே சொல்லி நிறுத்துங்கள். மூன்றாம் நாள் இருவரும் உட்கார்ந்து, அவர் இல்லாதபோது என்னென்ன மாறியது என்று அரை மணி நேரம் பேசுங்கள்: பிள்ளைக்கு டியூஷன் மாற்றியது, கொடுத்த கைமாத்து, அப்பாவின் மாத்திரை. ஒரு வாரம்வரை எந்த வீட்டு விதியையும் அவர் மாற்றக் கூடாது. பிறகு ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள். பள்ளி என்றால் கிளப்பி விடுவது, கூட்டி வருவது, டீச்சரிடம் பேசுவது எல்லாம் அவர்தான். "கொஞ்சம் உதவி" என்று பாதி கொடுத்தால் மேற்பார்வை பார்க்கும் வேலை உங்களுக்குக் கூடும்.

இரண்டாவது வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் மட்டும் அம்மா வீட்டுக்குப் போய் வாருங்கள், பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு. ஓய்வு உங்களுக்கும் பாக்கி இருக்கிறது. வீடு எப்படி ஓடுகிறது என்பது அவருக்கும் அந்த இரண்டு நாளில் தெரியும்.

அவர் இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல் இருந்தாலோ, அறையை விட்டு வராமல் இருந்தாலோ, குடி கூடினாலோ அதைக் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். காயத்துக்குப் பிறகும், அணியில் இடம் கிடைக்காத பிறகும் மனச்சோர்வு வருவது சகஜம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழில் பேசலாம்.

கேம்ப்பில் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறான் என் மகன். பருப்புப் பொடி, லேகியம் எல்லாம் செய்து அனுப்பலாமா? – விருதுநகர் வாசகி

பருப்புப் பொடி, இட்லிப் பொடி தாராளமாக அனுப்புங்கள். வறுத்தது நன்றாக ஆறிய பிறகு அரைத்து, கால் கிலோ கால் கிலோவாகக் கட்டி, தேதி எழுதுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நெய்யைத் தனி டப்பாவில் வைத்து மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

லேகியமும் சூரணமும் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் முழுசாகத் தெரியாது. ஊக்கமருந்துச் சோதனையில் ஏதாவது வந்தால் "அம்மா கொடுத்தது" என்ற பதில் அவனைக் காப்பாற்றாது. கசகசாவையும் கவனியுங்கள். அதில் இயல்பாகவே மார்ஃபின் சிறிதளவு ஒட்டியிருக்கும், போட்டிக் காலத்தில் மார்ஃபின் தடை செய்யப்பட்ட பொருள். போட்டிக்கு முந்தைய இரவு 11.59-லிருந்தே அந்தக் கணக்கு தொடங்குகிறது. கசகசா அரைத்த குருமாப் பொடியை வீட்டிலேயே வையுங்கள், சீசன் முடிந்து அவன் வரும்போது செய்து போடலாம்.